பையன் கட்டம் கட்டமாக இழுப்பது என்ன?

வணக்கம் ஐயா,

போன சனிக்கிழமை சேலம் ஐந்து ரோட்டில் என் அறைக்கு வந்திருந்தபோது நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், அதுவும் ஒரு காரணம். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கட்டம் கட்டமா எதையோ இழுத்துக்கிட்டே இருக்கான். இதெல்லாம் ஒரு தொழிலாங்க?" என்றீர்கள்.

அவன் கம்ப்யூட்டரில் இசை அமைக்கிறான். அந்த மென்பொருளில் இருக்கும் கட்டத்துக்குப் பியானோ ரோல் என்று பெயர். இடது ஓரத்தில் பியானோ கட்டைகள், வலப்பக்கமாக ஓடுவது நேரம். ஒவ்வொரு பட்டையும் ஒரு சுரம். பட்டையை நீட்டினால் சுரம் நீளும், மேலே தள்ளினால் உயரும். அதற்குள் ஒலி கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற கட்டளைகள்தான் இருக்கும். வெவ்வேறு கம்பெனி கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1983-ல் வந்த மிடி என்கிற ஏற்பாடு இது. இன்று விளம்பரப் பாட்டு முதல் சினிமாப் பின்னணி வரை பலவும் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகின்றன. இதையே வேலையாகச் செய்பவரை மியூசிக் புரோகிராமர் என்பார்கள்.

அன்று அவன் ஒரு நாதஸ்வர மெட்டைப் போட்டுக் காட்டினான், நினைவிருக்கிறதா? நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மெட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கார் ஹாரன் மாதிரி ஒலித்தது. திரையில் கீழே வரிசையாக நிற்கும் குச்சிகளைப் பார்த்தேன். அவைதான் வெலாசிட்டி, அதாவது அழுத்தம். 127 வரை போகலாம். அவன் போட்டதில் எல்லாக் குச்சியும் ஒரே உயரம். குவாண்டைஸ் என்ற வசதியால் தவில் அடிகள் எல்லாவற்றையும் கோட்டோடு கோடாக ஒட்ட வைத்திருந்தான். எந்தத் தவில்காரர் ஐயா அப்படி வாசிப்பார்? உங்கள் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் மெருகு போடாத கொலுசைக் கடைக்கு அனுப்ப மாட்டீர்கள் அல்லவா, அதே கதைதான்.

நான் பத்து வருடம் பாட்டு கற்றவள். "இந்தக் காந்தாரத்தைத் தோடியில் அசைத்துக் காட்டுப்பா" என்றேன். திணறினான். தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது 'க' சுரம், ஒரே இடத்தில் நிற்காது, கட்டத்துக்குள் அடங்காது. அதற்குச் சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் என்ற கோட்டைக் கையால் வளைத்து வரைய வேண்டும். மொத்தம் 16,384 படிகள் இருக்கின்றன. அதில் எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று காதுதான் சொல்ல வேண்டும். அவன் இருபது நிமிடம் போராடினான். நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். மூன்றாவது முறை ஏறக்குறைய வந்துவிட்டது, அவனே சிரித்தான். பொழுதுபோக்குக்குச் செய்கிற பையன் முதல் முறையிலேயே லேப்டாப்பை மூடியிருப்பான்.

ஆகவே என் கருத்து: தடுக்காதீர்கள். ஆனால் இப்போதைக்கு லட்சக்கணக்கில் பணமும் கட்டாதீர்கள். என்னிடம் வந்த இன்னொரு மாணவனின் வீட்டில் நகையை அடகு வைத்து ஒரு தனியார் டிப்ளமோவில் சேர்த்தார்கள். ஒரு வருடம் பட்டன்களின் பெயரைக் கற்றுத் திரும்பி வந்தான். நானும் அப்போது விசாரிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன், இன்றும் உறுத்துகிறது.

பிளஸ் டூவை ஒழுங்காக முடிக்கட்டும். கூடவே வாரம் இரண்டு நாள் கீபோர்டோ பாட்டோ ஒரு ஆசிரியரிடம் போகட்டும், அதுதான் உண்மையான செலவு. மென்பொருளைத் திருட்டுக் காப்பியில் ஓட்டுகிறான், அதை விடச் சொல்லுங்கள். ரீப்பர் என்ற இசை மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். எஃப்எல் ஸ்டூடியோ என்ற இன்னொன்றை ஒரு முறை வாங்கினால் புதுப்பிப்புகள் ஆயுளுக்கும் இலவசம்.

அப்புறம் படிப்பு. சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அது ஒலியைப் பிடிப்பதும் கலப்பதும், இசையமைப்பு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்பவர்கள்தான் அதிகம். இசைதான் வேண்டுமென்றால் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடங்கள் உண்டு, நுழைவதற்கே இசைப் பயிற்சி இருந்தால் நல்லது. சேலத்திலேயே ஒரு பி.காம். படித்துக்கொண்டும் இதைச் செய்யலாம். ஸ்டூடியோவில் சான்றிதழைக் கேட்க மாட்டார்கள், "போட்டுக் காட்டு" என்பார்கள். முதல் சில வருடம் வருமானம் மாதச் சம்பளம் போல வராது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்காடு ரோட்டில் பழைய சினிமா ஸ்டூடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், படமே இங்கே எடுத்த ஊர், பிறகு எதற்கெடுத்தாலும் கோடம்பாக்கம் என்றாகிவிட்டது. ஆனால் ஒரு பாட்டின் மிடி கோப்பு சில கிலோபைட்தான். உங்கள் வீட்டு மாடியிலிருந்து அனுப்பினால் சென்னையில் ஒருவர் உடனே திறந்துவிடுவார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி வாருங்கள். அதற்குள் அந்த நாதஸ்வரத்தை, கேட்பவர் நிஜ நாதஸ்வரமா என்று சந்தேகப்படும் அளவுக்குத் திருத்தி வரச் சொல்லியிருக்கிறேன். ஹெட்போனும் கொண்டு வரட்டும், என் ஸ்பீக்கரில் தவிலின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் கேட்கவே இல்லை.