கண் டாக்டர் பதில்கள்: பவர் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் மைனஸ் 1 என்று கண்ணாடி போட்டோம். இப்போது மைனஸ் 2.25 என்கிறார்கள். "கண்ணாடி போட்டதால்தான் ஏறியது, கழற்றிவிடு" என்கிறார் மாமியார். கண்ணாடிக் கடைக்காரர், "கொஞ்சம் குறைத்துப் போடுவோம், கண் தானாகப் பழகிக்கொள்ளும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, டாக்டர்?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. முழுப் பவரையே போடுங்கள், தூங்கும்போது மட்டும் கழற்றினால் போதும்.

உங்கள் மாமியார் பேத்தி மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். என் பாட்டியும் இதையேதான் சொன்னார். எனக்கு ஒன்பது வயதில் கண்ணாடி வந்தபோது, பரிசோதித்தவரும் பாதிப் பவர்தான் எழுதிக்கொடுத்தார். அந்த வருடம் முழுக்கக் கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். மலேசியாவில் 94 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2002இல் வெளிவந்தது. முழுப் பவர் போட்டவர்களுக்கு இரண்டு வருடத்தில் சராசரியாக 0.77 ஏறியது. குறைத்துப் போட்டவர்களுக்கு 1.00 ஏறியது. அதாவது, குறைத்துப் போட்டதால் நன்மை எதுவும் இல்லை, கெடுதல்தான்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மாமியாருக்கும் எடுத்துச் சொல்லலாம். கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண் பந்து முன்பின்னாக அளவுக்கு மீறி நீண்டுவிடுவதுதான். நீண்ட கண்ணில் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். கண்ணாடி அந்தப் பிம்பத்தைப் பின்னால் தள்ளித் திரையில் விழவைக்கிறது. அதற்கு மேல் அது ஒன்றும் செய்வதில்லை. கண் 1 மி.மீ. கூடுதலாக நீண்டால் ஏறக்குறைய இரண்டரைப் பவர் ஏறும். உங்கள் மகளுக்கு ஒரே வருடத்தில் 1.25 ஏறியிருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். எட்டு வயதில் இது வேகம்தான். பயப்படச் சொல்லவில்லை, தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். சின்ன வயதில் தொடங்கும் கிட்டப்பார்வைதான் பெரிய நம்பரில் போய் நிற்கிறது.

அடுத்த முறை போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். சொட்டு மருந்து போட்டுக் கண்ணைத் தளர்த்திய பிறகுதான் பவர் பார்த்தார்களா? குழந்தைகள் பக்கத்தில் பார்ப்பதற்காகக் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள். மருந்து போடாமல் கம்ப்யூட்டர் டெஸ்ட் மட்டும் எடுத்தால் மைனஸ் கூடுதலாகக் காட்டக்கூடும். இரண்டாவது, கண்ணின் நீளத்தை அளந்தார்களா? கேட்டராக்ட் ஆபரேஷனுக்கு முன் பெரியவர்களுக்கு லென்ஸ் கணக்கிட ஓர் இயந்திரத்தின் முன் உட்காரவைப்பார்களே, அதே இயந்திரம்தான். வலி இல்லை, சில நிமிட வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், செய்யும் சிகிச்சை பலிக்கிறதா என்று தெரியும்.

கண்ணாடியிலேயே இப்போது தனி வகை வந்திருக்கிறது. நடுவில் வழக்கமான பவரும் சுற்றிலும் நூற்றுக்கணக்கான குட்டி லென்ஸ்களும் இருக்கும். ஹாங்காங்கில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு வருடம் சோதித்ததில், இந்தக் கண்ணாடி போட்டவர்களுக்குப் பவர் ஏறுவது சாதாரணக் கண்ணாடியைவிட 52 சதவீதம் குறைந்தது. விலை அதிகம்தான், மறைக்கவில்லை. முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பவர் ஏறுவதைக் குறைக்க ஏழு வயது மகனுக்குத் தினமும் இரவில் 0.01 சதவீத அட்ரோபின் சொட்டு மருந்து எழுதியிருக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் "இது கண்ணைக் கூச வைக்கும் மருந்து ஆச்சே, இதைத் தினமுமா?" என்று கேட்டார்கள். அதிலிருந்து பாட்டிலைத் திறக்கவே இல்லை.
- ஒரு தந்தை, கோவை

பதில்: கடைக்காரர் சொல்வது 1 சதவீத அட்ரோபினைப் பற்றி. அதைப் போட்டால் கண்மணி விரிந்து, ஒரு வாரத்துக்கு மேல்கூடக் கூசும், புத்தகம் மங்கலாகத் தெரியும். உங்கள் பையனுக்கு எழுதியிருப்பது அதில் நூறில் ஒரு பங்கு. பாட்டிலைத் திறங்கள் சார். வெயிலில் கொஞ்சம் கூசினால் தொப்பி போட்டு அனுப்புங்கள். கண் சிவந்து அரித்தால் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் எந்த அளவு போதும் என்பதில் எனக்கே சில வருடங்களாக எண்ணம் மாறியிருக்கிறது. ஹாங்காங்கில் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் மூன்று அளவுகளை ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். மருந்து கலக்காத வெறும் சொட்டு போட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் 0.81 ஏறியது. 0.01 போட்டவர்களுக்கு 0.59, 0.05 போட்டவர்களுக்கு 0.27. இதில் நான் கவனித்தது, 0.01 போட்ட பிள்ளைகளின் கண் நீளம் ஏறக்குறைய மருந்தே போடாதவர்கள் அளவுக்கு வளர்ந்திருந்ததுதான். 2023இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்விலும் 0.01க்குப் பலன் தெரியவில்லை. ஆகவே ஆறு மாதம் போட்டுப் பாருங்கள். பவரும் நீளமும் அதே வேகத்தில் ஏறினால், "அளவைக் கூட்டலாமா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கூடுதல் அளவில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்த பவர் மளமளவென்று ஏறுவதுண்டு.

கேள்வி: பேரனுக்குத் தினமும் பொன்னாங்கண்ணியும் கேரட்டும் கொடுத்து வருகிறேன். கண் பயிற்சியும் செய்கிறான். பவர் இறங்குமா?
- ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: இறங்காது ஐயா. நீண்ட கண்ணைக் கீரையோ பயிற்சியோ சுருக்காது. ஆனால் கீரையை நிறுத்த வேண்டாம், உடம்புக்கு நல்லது. பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் பேரனைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

கேள்வி: மூத்தவளுக்கு மைனஸ் 3. எனக்கும் கணவருக்கும் கண்ணாடி. சின்னவனுக்கு ஐந்து வயது, இன்னும் பவர் இல்லை. அவனையாவது தப்பவைக்க முடியுமா? நாங்கள் இருப்பது ஆறாவது மாடி ஃபிளாட். சென்னை வெயிலில் எங்கே விளையாட விடுவது?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் சந்தோஷப்படுத்தியது இதுதான். கண்ணாடி வருவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். வெளியில் இருப்பதன் பலன் உங்கள் சின்னவனைப் போன்ற குழந்தைகளுக்குத்தான் மிகுதி. ஏற்கெனவே பவர் வந்துவிட்ட பிள்ளைகளுக்கு அது அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை, 6-7 வயதுக்காரர்களை, ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வந்தது. சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3 சதவீதம்தான். பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருந்தது இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. சிட்னிக் குழந்தைகள் புத்தகம்கூட அதிகம் படித்தார்கள். வித்தியாசம் எங்கே என்றால், அவர்கள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூர்க் குழந்தைகள் 3.05 மணி நேரம். பிறகு சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளை எடுத்து, அதில் பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அங்கே 30.4 சதவீதம் பேருக்கும், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்கும் கிட்டப்பார்வை வந்தது. வெறும் 40 நிமிடத்துக்கு இது.

விளையாடித்தான் ஆக வேண்டும் என்றில்லை, வெளிச்சம்தான் மருந்து. வகுப்பறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் இருக்கும். வெளியே மர நிழலில்கூட அது ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் சுரக்கும் டோப்பமின் என்ற ரசாயனம் கண் நீள்வதைத் தடுக்கிறது என்பதுதான் இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆகவே உச்சி வெயில் வேண்டவே வேண்டாம். காலையில் பள்ளி வேனுக்கு அரை மணி முன்னதாகவே கீழே இறங்கிவிடுங்கள். ஸ்கூல் விட்டு வந்ததும் ஹோம்வொர்க் இருக்கட்டும், முதலில் மொட்டை மாடிக்கோ கீழே நிழலுக்கோ போகட்டும். டியூஷனை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரம் வந்தால் போதும். பள்ளியில் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியே விடுகிறார்களா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். நிறைய அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் நடக்கும்.

கேள்வி: எனக்கு வயது 16, மைனஸ் 7. பின்னால் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டால் கண் சரியாகிவிடும்தானே?
- ஒரு மாணவி, நாகர்கோவில்

பதில்: கண்ணாடி போகும் கண்ணு, ஆனால் கண் அதே நீளத்தில்தான் இருக்கும். லேசர் முன்னால் இருக்கும் கருவிழியைச் செதுக்குகிறது. பின்னால் இழுபட்டு மெலிந்த விழித்திரையை அது தொடுவதில்லை. 18 வயதுக்குப் பிறகு, பவர் நிலையாக நின்றதும் செய்துகொள், தவறில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்வதை மட்டும் விடாதே.

எனக்கு மைனஸ் 9. 41 வயதில் ஒருநாள் இரவு இடது கண் ஓரத்தில் மின்னல் வெட்டியது போலத் தெரிந்தது, கூடவே கருப்புப் புள்ளிகள் மிதந்தன. தெரிந்த அறிகுறி என்பதால் மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். விழித்திரையில் சின்னக் கிழிசல். அன்றே லேசர் வைத்து ஒட்டினார்கள். நாலு நாள் விட்டிருந்தால் திரை கழன்றிருக்கலாம். உனக்கும் எப்போதாவது மின்னல் தெரிந்தால், திடீரென்று புள்ளிகள் மிதந்தால், ஓரத்தில் திரை விழுந்தது போல இருட்டினால், பரீட்சை நாளாக இருந்தாலும் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போ. அம்மாவிடமும் இதை இன்றைக்கே சொல்லி வை.