மதர்போர்டில் ஒரே நீளத்தில் இரண்டு ஸ்லாட் இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டை எதில் செருகுவது?

உங்கள் போர்டில் பார்க்க ஒரே மாதிரி இரண்டு நீள ஸ்லாட் இருக்கின்றன, கடையில் கேட்டால் "எதில் போட்டாலும் ஓடும்" என்றார்கள் என எழுதியிருக்கிறீர்கள். ஓடும் என்பது உண்மைதான். அதே வார்த்தையை நம்பி இரண்டு வாரத்தை வீணாக்கியவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சிபியுவுக்கு (ப்ராசஸர் சில்லுக்கு) பக்கத்தில், மேலே இருக்கும் நீள ஸ்லாட்டில் போடுங்கள். இப்போது வரும் போர்டுகள் பலவற்றில் அதற்கு மட்டும் உலோக உறை போட்டிருப்பார்கள். அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம்.

2021 கத்திரி வெயில் சமயம். என்னிடம் இருந்தது பி450 சிப்செட் (மற்ற பாகங்களை சிபியுவோடு இணைக்கும் சில்லு) உள்ள போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. சிபியு கூலருக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு இருப்பதால்தான் கார்டு கொதிக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அதைக் கழற்றிக் கீழ் ஸ்லாட்டில் மாட்டினேன். அதே நீளம், அதே கொக்கி, டக்கென்று உட்கார்ந்தது. படமும் வந்தது. சூடு மூன்று நான்கு டிகிரி குறைந்தும் இருந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்புறம் விளையாட உட்கார்ந்தால், வண்டியைப் புதுத் தெருவுக்குள் திருப்பும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி நின்றது. டிரைவரை மாற்றினேன். விண்டோஸையே புதிதாகப் போட்டேன். ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தேன் (நம் ஊரில் கணினிக்கு வரும் எல்லா நோய்க்கும் முதல் மருந்து அதுதானே). கடைசியில் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்தால், "பஸ் இன்டர்ஃபேஸ்" என்ற கட்டத்தில் குட்டு உடைந்தது: கார்டு 16 லேன் (தரவு போய்வரும் தடம்) கேட்கிறது, அதற்குக் கிடைத்திருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இந்த ஸ்லாட் இணைப்பின் 2.0 தலைமுறையில் வெறும் 4 லேன்.

ஸ்லாட்டின் நீளம் வேறு, அதற்குள் ஓடும் இணைப்பு வேறு. நீளமாகச் செய்தால் எந்தக் கார்டும் நுழையும் என்பதற்காக 4 லேனுக்கு மட்டும் இணைப்பு கொடுத்துவிட்டு 16 லேன் அளவுக்கு பிளாஸ்டிக்கை நீட்டி வைத்திருப்பார்கள். அடுத்த தலைமுறையான 3.0-இல் ஒரு லேன் நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி கடத்தும், 2.0-இல் அதில் பாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3.0-இல் 16 லேன் உள்ள மேல் ஸ்லாட்டில் ஏறக்குறைய 16 ஜிபி, நான் மாட்டிய கீழ் ஸ்லாட்டில் 2 ஜிபி. எட்டில் ஒரு பங்கு! போதாக்குறைக்கு, மேல் ஸ்லாட் நேராக சிபியுவோடு பேசும். கீழ் ஸ்லாட் சிப்செட்டைச் சுற்றிக்கொண்டு, ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம் போகும் அதே வழியில் வரிசையில் நின்று போக வேண்டும்.

அப்படியானால் ஆட்டம் ஏன் எட்டு மடங்கு மெதுவாகவில்லை? காட்சிக்கு வேண்டியதெல்லாம் கார்டின் சொந்த மெமரியில் இருக்கும்வரை ஸ்லாட்டுக்குப் பெரிய வேலை கிடையாது. புது இடத்துக்குள் நுழையும்போதும், கார்டின் மெமரி நிரம்பி கணினியின் ரேமிலிருந்து இழுக்கும்போதும்தான் இடிக்கும். எனக்குத் தெருத் திருப்பத்தில் மட்டும் திக்கியதன் ரகசியம் இதுதான். கிரிப்டோ மைனிங் செய்தவர்கள் ஒற்றை லேனில் ரைசர் (ஸ்லாட்டை நீட்டும் கேபிள்) போட்டுக் கார்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டதும் இதே காரணத்தால்தான்: அந்த வேலையில் ஸ்லாட் வழியாகப் போய்வருவது மிகக் குறைவு.

உங்கள் போர்டில் எப்படி என்று பார்க்க, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் எட்டிப் பாருங்கள். தங்க நிறத் தொடுமுனைகள் கடைசிவரை இருக்கின்றனவா, பாதியில் நின்றுவிடுகின்றனவா என்று தெரியும். அதைவிட மேனுவல் நம்பகமானது. "எக்ஸ்16 ஸ்லாட், எக்ஸ்4 மோட்" என்று எழுதியிருந்தால் அது பெயருக்குத்தான் பெரிய ஸ்லாட். மேனுவலின் பொடி எழுத்துகளையும் படியுங்கள். சில போர்டுகளில் குறிப்பிட்ட ஒரு எம்.2 இடத்தில் (போர்டிலேயே படுக்கவைத்துச் செருகும் சிறு ஸ்லாட்) எஸ்எஸ்டி போட்டால் கிராஃபிக்ஸ் ஸ்லாட் 16-லிருந்து 8 லேனுக்கு இறங்கிவிடும். 4.0-இல் 8 லேன் என்றால் கவலை வேண்டாம், பெரும்பாலான ஆட்டங்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

மாட்டிய பிறகு ஜிபியு-இசட்டில் சரிபார்க்கும்போது ஒரு விஷயம். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்து 1.1 என்று காட்டும். பயந்துவிடாதீர்கள், பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திக் கார்டுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தால் உண்மையான எண் வரும்.

இன்னொரு சிக்கல் ஸ்லாட்டில் இல்லை, கார்டிலேயே உண்டு. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 லேன் மட்டுமே பயன்படுத்தும், மெமரியும் 4 ஜிபிதான். 4.0 போர்டில் சமாளிக்கும். 3.0 போர்டில் மேல் ஸ்லாட்டிலேயே போட்டாலும் தடுமாறும். பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு அதை நான் சொல்லவே மாட்டேன். சில சிபியுக்களும் அப்படித்தான்: ரைசன் 5 8500ஜி கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுப்பதே 4 லேன். போர்டை மட்டும் பார்த்து வாங்கினால் இது தெரியாது.

ஏஜிபி என்ற பழைய கிராஃபிக்ஸ் ஸ்லாட் இருந்த காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. மற்ற கார்டுகளுக்கு வெள்ளையாக நாலைந்து பிசிஐ ஸ்லாட், பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு ஏஜிபி, மாற்றிச் செருகவே முடியாது.

மாட்டும்போது ஸ்லாட்டின் கொக்கி பூட்டுகிறதா என்று பாருங்கள், பின்பக்க ஸ்க்ரூவைப் போடுங்கள். ஸ்லாட் 75 வாட் வரைதான் கொடுக்கும், கார்டில் மின்சாரத்துக்குத் தனி சாக்கெட் இருந்தால் பவர் சப்ளை ஒயரைச் செருக மறக்க வேண்டாம். மானிட்டர் கேபிளையும் மதர்போர்டில் விடாமல் கார்டில் போடுங்கள். சிரிக்காதீர்கள், அதையும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

சரி, என் கார்டின் சூடு என்ன ஆயிற்று? கேஸின் முன்பக்கத்தில் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் மாட்டினேன், மேல் ஸ்லாட்டிலேயே குறைந்துவிட்டது. கீழ் ஸ்லாட்டில் இப்போது ஒற்றை லேன் போதும் என்கிற ஒரு வைஃபை கார்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது.