பாடகரை பேஸ் கிட்டாருக்கு மாற்றினால் பாட்டு முடிந்துவிடுமா?

கேள்வி: குழுவில் பாடிக்கொண்டிருந்த என்னை பேஸ் கிட்டாருக்கு மாற்றிவிட்டார்கள். இனி பாடவே முடியாதா? வாசித்துக்கொண்டே பாடிப் பெயரெடுத்தவர் யாராவது உண்டா?

பதில்: உங்களிடம் ஒத்திகையில் எல்லார் முன்னாலும்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது. இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் தூங்கப் போக முடியவில்லை.

ஃபில் லைனாட்டின் பாட்டுகளைக் கேளுங்கள். அயர்லாந்தின் தின் லிஸி ராக் குழுவில் பேஸ் (தாழ்ந்த சுரங்கள் தரும் நான்கு கம்பிக் கிட்டார்) வாசித்துக்கொண்டே பாடியவர், பெரும்பாலான பாட்டுகளை எழுதியவரும் அவர்தான். அம்மா ஐரிஷ், அப்பா கயானாக்காரர். 1949ல் இங்கிலாந்தில் பிறந்து, டப்ளினில் கிரம்லின் பகுதியில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். 1969ல் டப்ளினின் ஸ்கிட் ரோ குழுவில் வெறும் பாடகர், கையில் கருவி எதுவும் கிடையாது. டான்சில் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பி வந்தவரைத் தலைவர் பிரஷ் ஷீல்ஸ் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் நீக்கிய அதே ஷீல்ஸ்தான் கூட உட்கார்ந்து பேஸ் கற்றுக்கொடுத்தார். அந்த வருடம் முடிவதற்குள், பள்ளிக்கால நண்பர் பிரையன் டௌனி டிரம்ஸ் வாசிக்க, தின் லிஸி தொடங்கிவிட்டது.

இந்தக் கதையை நான் முதலில் படித்தபோது அழுதேன். திருச்சிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் மூன்று வருடம் பாடினேன். மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்துவிட்டு ஒத்திகைக்குப் போனால், மைக் முன்னால் வேறொரு பையன். அவன் கையில் இருந்தது என் பாட்டு நோட்டு. மூச்சு விட வேண்டிய இடத்திலெல்லாம் நான் சிவப்பு மையில் போட்ட கோடுகளைப் பார்த்துத்தான் அவன் பாடிக்கொண்டிருந்தான். "பேஸ்ல ஆள் இல்ல தம்பி, நீ கத்துக்க" என்றார் குழுவை நடத்திய அண்ணன். கற்றுக்கொடுக்க ஆள் தரவில்லை. நான்கு கம்பியோடு நானேதான் முட்டி மோதினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிட்டாரில் தாளத்தைத் தட்டிக்கொண்டே பாடுவது வேறு, இது வேறு. பேஸ் டிரம்ஸோடு ஒட்டிப் போக வேண்டும், குரலோ அதை விட்டு விலகித் திரிய வேண்டும். லைனாட் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து ஒரே சீராக ஓட்டுவார். மேலே வரிகளைப் பேசுகிற மாதிரி கொஞ்சம் முந்தியும் பிந்தியும் விடுவார். 1976ல் வந்த 'தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' கேட்டால் புரியும். நான் பழகிய வழி இது: யோசிக்காமல் விரல் போகும்வரை பேஸை மட்டும் வாசியுங்கள். அப்புறம் வரிகளை வாய்விட்டுப் பேசுங்கள். ராகம் கடைசியில்தான். எனக்கு ஒரு பாட்டுக்கு ஆறு வாரம் ஆனது.

பேஸ் வாசித்துக்கொண்டே பாடிய பால் மெக்கார்ட்னியை, ஸ்டிங்கை விட்டுவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் பெரியவர்கள்தான். பாடகர் இடத்திலிருந்து நீக்கப்பட்டு பேஸுக்கு வந்தவர் என்பதால்தான் லைனாட்டைச் சொன்னேன். போதையில் அழிந்தவரை உதாரணம் காட்டலாமா என்றும் கேட்பார்கள். 1986 ஜனவரியில் 36 வயதில் அவர் இறந்ததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே அந்தக் கடைசி வருடங்களை மட்டும் பேசுவது அநியாயம். பிரிட்டனின் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போன 1978ன் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' ஆல்பமும் அதே மனிதர் செய்ததுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இப்போது கல்யாணக் கச்சேரிகளில் பேஸ்காரரையே கூப்பிடுவதில்லை. கீபோர்டுக்காரர் இடது கையால் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். கூப்பிட்டாலும் சம்பளம் பாதி. மேடையில் பேஸ் ஒலியைக் குறைத்துவிட்டு, "கல்யாண வீட்டில் இதெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்" என்று ஒரு சவுண்ட்காரர் என்னிடமே சொன்னார். நடுப்பாட்டில் நான் நிறுத்திக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் உடனே தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தார்.

லைனாட்டின் கறுப்பு பேஸில் கண்ணாடித் தகடு பதித்திருக்கும். அதைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தைக் கூட்டத்தின் மேல் அடிப்பார். அந்த மேடைப் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு, எந்தப் பாட்டில் தொடங்குகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.