சின்னத்தை மறைத்தால் கட்சி போய்விடுமா?

அன்புள்ள ஐயா,

உள்ளாட்சி பற்றி நீங்கள் எழுதிவருவதைப் படிக்கிறேன். ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவரையும் வார்டு உறுப்பினரையும் கட்சி அடிப்படை இல்லாமல்தானே தேர்ந்தெடுக்கிறோம்? அதையே ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி வரை நீட்டினால் என்ன? குப்பை அள்ளவும் சாக்கடை தூர் வாரவும் கொள்கை எதற்கு? கவுன்சிலர் எதிர்க்கட்சிக்காரர் என்றால் அந்த வார்டில் தெருவிளக்குகூட எரிவதில்லை. ஆளுங்கட்சி என்றால் கமிஷன். நல்லவர்கள் சுயேச்சையாக நின்றால் டெபாசிட் போகிறது. ஜெயப்பிரகாஷ் நாராயண் சொன்ன கட்சியில்லா ஜனநாயகத்தை உள்ளாட்சியிலாவது கொண்டுவரக் கூடாதா? குறைந்தபட்சம் மேயரையாவது மக்களே நேரடியாக, கட்சி இல்லாமல் தேர்ந்தெடுக்கலாமே?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் கேட்கும் பரிகாரம்தான் எனக்கு ஒப்பவில்லை.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள். பூத்தில் கையில் நான்கு சீட்டு கொடுத்தார்கள். வெள்ளை வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. முதல் இரண்டில் பூட்டு சாவி, மூக்குக்கண்ணாடி மாதிரியான சின்னங்கள். அடுத்த இரண்டில் உதயசூரியன், இரட்டை இலை. ஒரே மறைப்புக்குள் நின்று, ஒரே முத்திரையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு சீட்டுக்குக் கட்சி மறந்தவராகவும் அடுத்த இரண்டு சீட்டுக்குக் கட்சி நினைவுள்ளவராகவும் இருக்கச் சொல்கிறது சட்டம். இதில் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. பூட்டு சாவிக்காரர் எந்தக் கட்சி, மூக்குக்கண்ணாடிக்காரர் யாருடைய ஆள் என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கிராமத்தில் இந்த ஏற்பாடு ஓரளவு ஓடுகிறது என்றால், அதற்கு அளவுதான் காரணம். ஒரு கிராம வார்டில் சில நூறு ஓட்டுகள் இருக்கும். நிற்பவர் யார் வீட்டுப் பிள்ளை, பொதுக் காரியத்துக்கு வருவாரா, வாங்கிய கடனைத் திருப்பித் தருவாரா என்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. சின்னம் புதிதாகச் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. சென்னை மாநகராட்சிக்கு வாருங்கள். 200 வார்டுகள், சராசரியாக வார்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல். நிற்கும் பத்துப் பேரில் ஒருவரைக்கூட நேரில் பார்த்திராதவர்களே அதிகம். அங்கே கட்சிச் சின்னத்தை எடுத்துவிட்டால் வாக்காளரிடம் என்ன மிஞ்சும்? பெயரைப் பார்த்தால் மதம் தெரியும். விசாரித்தால் சாதி தெரியும். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் முகம் தெரியும். பணம் கொடுத்தவர் என்றால் அதுவும் நினைவிருக்கும். கட்சிச் சின்னம் மட்டமான தகவல்தான், ஒப்புக்கொள்கிறேன். மற்றவை அதைவிட மட்டம்.

இது என் ஊகம் மட்டுமல்ல. அமெரிக்க நகரங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கட்சிப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டில்தான் தேர்தல் நடத்துகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூயார்க்கின் டம்மனி ஹால் போன்ற, பதவியும் சலுகையும் கொடுத்து ஓட்டுகளைத் திரட்டிய கட்சி இயந்திரங்களின் ஊழலை ஒழிக்கக் கிளம்பிய சீர்திருத்தக்காரர்கள் செய்த வேலை அது. உங்கள் கோபம்தான் அவர்களுக்கும். அங்கே ஆய்வு செய்தவர்கள் கண்டது, கட்சிப் பெயர் இல்லாத தேர்தலில் ஓட்டுப் போட வருபவர்கள் குறைகிறார்கள், ஏற்கெனவே பதவியில் இருப்பவருக்கு அனுகூலம் கூடுகிறது என்பது. கனடாவின் வான்கூவர் கதை இன்னும் வேடிக்கை. இடதுசாரிகள் நகராட்சியைப் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் 1937இல் அங்கே ஓர் அமைப்பு தொடங்கினார்கள். பெயர் ‘கட்சி சார்பற்றோர் சங்கம்’. பிறகு பல பதிற்றாண்டுகள் அந்த நகரத்தை ஆண்டது அந்தச் சங்கம்தான். வேட்பாளர் பட்டியல், பிரச்சாரம், நன்கொடை எல்லாம் உண்டு. கட்சி என்ற பெயர் மட்டும் கிடையாது.

பாகிஸ்தானைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. 1959இல் அயூப் கான், 1979இல் ஜியா உல் ஹக், 2001இல் முஷாரஃப். மூன்று ராணுவ ஆட்சியாளர்களுக்கும் கட்சியில்லா உள்ளாட்சித் தேர்தல் என்றால் கொள்ளைப் பிரியம். அதிகாரத்தில் இருப்பவருக்குத் தனித்தனி ஆட்களைச் சமாளிப்பது சுலபம், கட்சியைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

ஜெயப்பிரகாஷ் நாராயணைச் சொன்னீர்கள். அவரே 1977இல் ஜனதா கட்சி உருவாக முன்நின்றவர். அந்த ஜனதா அரசு அமைத்த அசோக் மேத்தா குழு 1978இல் என்ன பரிந்துரைத்தது தெரியுமா? பஞ்சாயத்துத் தேர்தல்களில் கட்சிகள் வெளிப்படையாகவே போட்டியிட வேண்டும் என்று. அதே ஆண்டு மேற்கு வங்கம் அப்படிச் செய்தும் காட்டியது.

கட்சி இல்லாவிட்டால் ஊர் ஒற்றுமையாக இருக்கும் என்பது இந்த வாதத்துக்குள் எப்போதும் ஒளிந்திருக்கும் நம்பிக்கை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் பெயர்கள் உங்களுக்கு மறந்திருக்காது. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் அங்கே 1996 முதல் பத்தாண்டுகள் ஒழுங்கான தேர்தலே நடத்த முடியவில்லை. 2006இல்தான் நடந்தது. அதே காரணத்தால் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் கொல்லப்பட்டார். கட்சிச் சின்னம் இல்லாததால் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவை எல்லாமே கட்சிச் சின்னம் இல்லாத பதவிகள். தலைவர் பதவியை ஏலம் விட்டதாகச் செய்தி வருவதும் இந்தப் பதவிக்குத்தான். ஊர் ஒற்றுமை என்பது பல நேரங்களில் ஊரில் ஓங்கிய கையின் ஒற்றுமை.

நகரத்தில் கட்சியே இல்லாத நிர்வாகம் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிட்டோமே. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். கவுன்சிலரும் இல்லை, கட்சியும் இல்லை. அந்த ஐந்தாண்டில் சாக்கடை மணத்ததா? புகார் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்று மக்கள் அலைந்ததுதான் மிச்சம்.

சரி, கட்சி வந்தால் எல்லாம் ஒழுங்காகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. மேற்கு வங்கத்தில் 2018 பஞ்சாயத்துத் தேர்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் போட்டியே இல்லை. எதிர்த்து மனு போட விடவில்லை என்பது எதிர்க்கட்சிகளின் புகார். ஆனால் கேரளத்திலும் கடைசி வார்டு வரை கட்சிச் சின்னம்தான். அங்கே உள்ளாட்சி பரவாயில்லை என்கிறோம். இரண்டு மாநிலத்திலும் சின்னம் இருக்கிறது, விளைவு வேறு. அப்படியானால் வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது.

எனக்குத் தெரிந்து அது பணத்தில் இருக்கிறது. 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது கேரளம் தன் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தது. பங்கீட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. பஞ்சாயத்து எந்தக் கூட்டணியின் கையில் இருந்தாலும் அந்தக் கணக்குப்படி வர வேண்டியது வரும். தெருவிளக்கு எரியவில்லை என்றீர்களே, அது கவுன்சிலரின் சின்னத்தால் அல்ல. பல்பு மாற்ற வேண்டிய பணமும் ஆளும் அவர் கையில் இல்லாததால். சுயேச்சை கவுன்சிலராக இருந்தாலும் அதே அதிகாரி முன்னால்தான் போய் நிற்க வேண்டும், அதுவும் பின்னால் யாரும் இல்லாமல். கிராமத்திலும் இதே கதை. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ‘கட்சி சார்பற்ற’ தலைவர்கள் ஜெயித்த கையோடு ஏன் ஆளுங்கட்சி மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலில் சால்வையோடு நிற்கிறார்கள் என்று வியப்பதில் அர்த்தமில்லை.

நல்ல சுயேச்சைகள் தோற்பது பற்றி நீங்கள் எழுதியதில் மட்டும் முழுக்க உங்கள் பக்கம். கட்சிக்காரருக்குச் சின்னம் பல வருடங்களாகச் சுவரில் இருக்கிறது. சுயேச்சைக்கு வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னமே கிடைக்கும். அப்புறம் சில நாட்களில் தெருத்தெருவாக அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு நகரத்தில் பத்து வார்டில் சேர்ந்து நிற்க விரும்பும் குடியிருப்போர் குழுவுக்குப் பத்து வார்டுக்கும் பொதுவாக ஒரு சின்னத்தை முன்கூட்டியே கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? இலங்கையில் உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சைக் குழு என்றே பட்டியல் போட்டு நிற்கலாம். கட்சிகளை வெளியே அனுப்புவதைவிட, கட்சி அல்லாதவர்களைச் சமமாக உள்ளே விடுவதற்கு நான் ஓட்டுப் போடுவேன். அதிலும் கண்ணைத் திறந்துகொண்டுதான். கேரளத்தின் கிழக்கம்பலத்தில் 2015இல் ட்வென்டி20 என்ற அமைப்பு 19 வார்டில் 17ஐ வென்றது. கட்சிகளை விரட்டிவிட்டார்கள் என்று அன்று பலர் கொண்டாடினார்கள். அதன் பின்னால் இருந்தது ஓர் ஆடை நிறுவனம். 2021இல் அதுவே கட்சியாகிச் சட்டமன்றத் தேர்தலிலும் நின்றது.

மேயர் விஷயம். நேரடித் தேர்தல் வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் முறையில், அதுவும் எல்லோரும் சுயேச்சைகள் என்றால், பேரம் எந்த விடுதியில் நடக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பத்திரிகைகளுக்கு முழுநேர வேலையாகிவிடும். ஆனால் நேரடித் தேர்தல் வந்தால் கட்சி தானாக ஒதுங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2011இல் மேயர்களை மக்களே நேரடியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதிருந்த 10 மாநகராட்சிகளிலும் அ.தி.மு.க.தான் வென்றது. 2022இல் மறைமுகத் தேர்தல். 21 மாநகராட்சிகளும் தி.மு.க. கூட்டணிக்கு.