போர்வை ஏன் கைக்குப் பக்கத்திலேயே சுருண்டுவிடுகிறது?

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மடிப்பு மலை மாதிரி செய்கிறோம். மேசையில் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் நான்கு சென்னிமலைப் போர்வைகளை அடுக்கி ஒரு பக்கமிருந்து தள்ளினால், கைக்குப் பக்கத்திலேயே ஒரே குவியலாகச் சுருண்டுவிடுகிறது. பாடப் படத்தில் உள்ளதுபோல் அலையலையாக வர என்ன செய்வது? ஒரு பையன் வேறு, "எங்க தோட்டத்துக் கிணத்துப் பாறையிலயும் வளைஞ்ச வரி இருக்குதுங்க டீச்சர், சென்னிமலையும் மடிப்பு மலைதானா?" என்று கேட்கிறான்.
– ஆசிரியை ஒருவர், கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: போர்வையில் குறை இல்லைங்க டீச்சர், அடியில் விரித்த ஜமுக்காளத்தில்தான் சிக்கல். அதன் சொரசொரப்பு போர்வையைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் தள்ளும் விசை அந்தப் பிடிப்போடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோவதால் மறுமுனைக்குப் போய்ச் சேருவதில்லை.

ஜமுக்காளத்தை எடுத்துவிடுங்கள். வழவழப்பான மைக்கா பலகையில் முகப்பவுடரைத் தூவி, அதன்மேல் போர்வைகளை அடுக்குங்கள். மறுமுனையில் இரண்டு செங்கல்லை முட்டுக்கொடுங்கள். மேலே ஒரு லேசான பலகையும் நாலைந்து புத்தகமும் வையுங்கள். இந்தப் பாரம் முக்கியம், அது இல்லாவிட்டால் போர்வை ஒரே பெரிய வளையமாக எழும்பி நின்றுவிடும். அப்புறம் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஜேம்ஸ் ஹால் துணிகளை அடுக்கி, பாரம் ஏற்றி, பக்கவாட்டில் நெருக்கிப் பாறை மடிப்புகளை இப்படித்தான் விளக்கினார். அதை அவர் வெளியிட்டது 1815இல்.

இயற்கையில் அந்தப் பவுடரின் வேலையை உப்பு, ஜிப்சம், களிப்பாறை போன்ற வலுவற்ற அடுக்குகள் செய்கின்றன. சுவிட்சர்லாந்து – பிரான்ஸ் எல்லையில் உள்ள ஜூரா மலைகள் இதற்குப் பேர்போனவை. அங்கே மேலே சுண்ணாம்புப் பாறை, கீழே உப்பும் ஜிப்சமும் கலந்த அடுக்கு. ஆல்ப்ஸ் பக்கமிருந்து நெருக்கியபோது, சுண்ணாம்புப் பாறை அந்த அடுக்கோடு கழன்று நழுவி வரிசை வரிசையாக மடிந்தது. அதற்கும் அடியில் உள்ள பழைய பாறை அப்படி மடியவில்லை. 1907இலேயே சுவிஸ் புவியியலாளர் ஆகுஸ்ட் பக்ஸ்டோர்ஃப் இப்படி விளக்கினார். பூமியின் மேலோட்டுத் தட்டுகள் இரண்டு மோதினால் மலை மடியும் என்று மட்டும் சொல்லும் பாடத்தில் எனக்கு உள்ள வருத்தமே இதுதான். எது எதன்மேல் நழுவியது என்பதைச் சொல்லாவிட்டால் மலையின் வடிவம் பிள்ளைகளுக்குப் புரியாது.

மடிந்த போர்வைக்கு அடியில் குனிந்து பாருங்கள், குகைபோல் வெற்றிடம் இருக்கும். பூமிக்குள் அவ்வளவு பாரத்தில் அப்படி வெற்றிடம் நிற்காது. மெல்ல நகரும் உப்பு அந்த இடத்துக்குள் ஏறி நிரப்பிக்கொள்ளும். அதைக் காட்ட வேண்டுமானால், பவுடருக்குப் பதிலாகச் சப்பாத்தி மாவைக் கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து, எண்ணெய் தடவிய பலகையில் விரல் தடிமனுக்குப் பரப்புங்கள். மேலே பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் போட்டுப் போர்வைகளை அடுக்கலாம். ஈரானின் சாக்ரோஸ் மலைகளில் உப்பு மேற்பாறையைத் துளைத்து வெளியே வந்து, பனியாறுபோல் சரிவில் வழிந்தே கிடக்கிறது.

மாதிரிக்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை இந்துப்புக் கட்டி ஒன்றையும் வையுங்கள். காலங்காலமாக இந்துப்புக்குப் பேர்போன இடம் இன்றைய பாகிஸ்தானில் உள்ள உப்பு மலைத்தொடர். வடக்கே உள்ள போத்வார் மேட்டுநிலத்தின் நடுப்பகுதி அந்த உப்பின்மேல்தான் பெரிதாகக் கசங்காமல் தெற்கே நழுவி வந்தது. அதன் தென்விளிம்பு மேலே ஏறி நிற்பதுதான் அந்த மலைத்தொடர்.

சரி, பையனின் கேள்விக்கு வருவோம். சென்னிமலை அந்த வகை இல்லை. சுற்றிலும் தேய்ந்துபோன பிறகு மிஞ்சி நிற்கும் பாறை அது. கிணற்றில் தெரியும் வரிகள் நிஜமான மடிப்புகள்தான், ஆனால் பிறந்த விதம் வேறு. நம் கொங்குப் பாறைகள் மிகப் பழையவை. பக்கத்து நீலகிரியின் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வயது. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், பாறை முழுவதுமே இளகி வளைந்தபோது உண்டானவை அந்த வரிகள். நழுவுவதற்குத் தனி அடுக்கு அங்கே தேவைப்படவில்லை.

இதை அவனே சோதிக்கலாம். கிணற்றுக்குள் இறங்க வேண்டாம், வெட்டி மேட்டில் கொட்டிய கல்லே போதும். வளைந்த வெள்ளை வரி ஒன்றைத் தேடி, கொண்டை ஊசி வளைவிலும் இரண்டு பக்கக் கால்களிலும் அதன் தடிமனை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். வளைவில் தடித்தும் கால்களில் மெலிந்தும் இருந்தால், அது இளகி ஓடிய பாறை. ஜூராவின் சுண்ணாம்பு அடுக்கு, உங்கள் போர்வையைப்போல, பெரும்பாலும் எங்கே அளந்தாலும் ஒரே தடிமன்தான் காட்டும்.