லென்ஸ் போட்ட கண்ணுக்கு எந்த சன்ஸ்கிறீன்?

வாசகர் கேள்வி – பதில்: கண் நலம்

கேள்வி: பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் தினமும் ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போய்வருகிறேன். மாதம் ஒருக்கால் மாற்றும் கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். கண்ணைச் சுற்றிக் கறுத்து வருவதால் எஸ்.பி.எஃப் (வெயில் காப்பு அளவு) 50 உள்ள கண் கிறீம் ஒன்று வாங்கிப் பூசினேன். முதலாம் பாடம் முடிய முன்னரே கண் எரிகிறது, கரும்பலகை புகார் மூடினமாதிரித் தெரிகிறது. எதை வாங்க வேண்டும்?
— ஆசிரியை, விசுவமடு

பதில்: கிறீமை மாற்ற முன், அது எந்த வழியால் கண்ணுக்குள் போகிறது என்று பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் நெற்றி வியர்க்கும். அந்த வியர்வை நெற்றியில் பூசிய சன்ஸ்கிறீனையும் கரைத்துக்கொண்டு புருவத்தால் வழியும். கண்ணோரம் பூசியதைக் குறை சொல்வோம். எரிப்பது பல நேரங்களில் நெற்றியில் பூசியதுதான். லென்ஸ் இல்லாத கண் என்றால் கண்ணீர் கொஞ்ச நேரத்தில் கழுவிவிடும். லென்ஸ் இருந்தால் எண்ணெய்ப்பசை அதன்மேல் படலமாகப் பிடித்துக்கொள்ளும். கண் இமைக்க இமைக்க அது பரவும். நீங்கள் சொல்லும் புகார் அதுதான். இப்போது பரவலாக விற்கும் சிலிக்கோன் ஹைட்ரஜெல் லென்ஸில் எண்ணெய்ப்பசை இன்னும் இலகுவாக ஒட்டும்.

ரியூப்பின் பின்பக்கத்தை வாசியுங்கள். சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டயொக்சைட் ஆகியவற்றை மட்டும் வெயில் வடிகட்டியாகக் கொண்டதே உங்களுக்கு ஏற்றது. இவை தோலின் மேலேயே தங்கும், கண்ணை அவ்வளவாக உறுத்தா. அவோபென்சோன், ஒக்டோக்ரிலீன், ஒக்டினொக்சேட் போன்ற இரசாயன வடிகட்டிகள் கண்ணில் பட்டால் சுள்ளென்று எரியும். சில ரியூப்புகளில் அவோபென்சோன் 'பியூட்டைல் மெதொக்சிடைபென்சொயில்மீதேன்' என்றும், ஒக்டினொக்சேட் 'எதில்ஹெக்சைல் மெதொக்சிசின்னமேட்' என்றும் இருக்கும். இந்த நீளமான பெயர்களைக் கண்டால் கண்ணோரத்துக்கு வேண்டாம். வாசனை சேர்க்காததாகவும் இருக்கட்டும்.

எஸ்.பி.எஃப் 30 போதும். அது வெயிலில் தோலை எரிக்கும் யூ.வி.பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதம். இந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதைவிட 'புரோட் ஸ்பெக்ட்ரம்' அல்லது 'பி.ஏ +++' என்ற அடையாளம் முக்கியம், தோலைக் கறுக்கவைக்கும் யூ.வி.ஏ கதிரையும் மறிக்கிறது என்று அர்த்தம். உங்கள் கவலை கறுப்பு என்பதால், அயன் ஒக்சைட் சேர்ந்த, தோல் நிறமுள்ள வகையைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் தோலைக் கறுக்கச் செய்யும். அதைத் தடுப்பது அயன் ஒக்சைட்தான். சிங்க் பூசினால் வரும் சாம்பல் வெள்ளையும் அதில் தெரியாது. கண்ணுக்கென்று தனி ரியூப் கட்டாயமில்லை. இதே சேர்மானமுள்ள முகக் கிறீமோ, குழந்தைகளுக்கான சன்ஸ்கிறீனோ அந்த வேலையைச் செய்யும். குச்சி வடிவில் கிடைத்தால் இன்னும் நல்லது. மெழுகு கூடுதல் என்பதால் வியர்வையில் எளிதில் வழியாது. புருவத்துக்கு மேலே குறுக்காக அதை ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் நெற்றி வியர்வைக்கு ஒரு வரம்பு கட்டினதுபோல.

காலையில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, பிசிர் இல்லாத துணியில் துடைத்து, முதலில் லென்ஸைப் போடுங்கள். கிறீம் பிறகு. முதலில் கிறீமைத் தொட்டால் விரலில் உள்ள பசை நேரே லென்ஸுக்குப் போய்விடும். ஒரு கண்ணுக்கு ஒரு பயறளவு எடுத்து மோதிர விரலால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். கண்ணை மூடி விரலால் தடவினால் கண்குழியைச் சுற்றி எலும்பு விளிம்பு தட்டுப்படும். கிறீம் அந்த எலும்பின் மேலேயே நிற்கட்டும். மேல் இமையிலும் இமைமயிர் ஓரத்திலும் பூச வேண்டாம். இமைக்கும்போது அது தானாகவே கொஞ்சம் உள்ளே நகரும். பூசி கால் மணித்தியாலம் கழித்து ஹெல்மெட் போடுங்கள். வெயிலில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். பூச முன் வியர்வையை ஒற்றி எடுங்கள்.

பின்னேரம் முறை மாறும். முதலில் கையை இரண்டு தரம் கழுவுங்கள், சிங்க் நகக்கண்ணில் வெள்ளையாய் ஒட்டி நிற்கும். பிறகு லென்ஸைக் கழற்றுங்கள், அதன் பிறகே முகம் கழுவுங்கள். ரியூப்பை ஸ்கூட்டி இருக்கைப் பெட்டிக்குள் விட வேண்டாம். அந்தச் சூட்டில் கிறீம் பிரிந்துவிடும்.

கேள்வி: என் லென்ஸிலேயே யூ.வி பாதுகாப்பு இருக்கிறது. பிறகும் கிறீமும் கறுப்புக் கண்ணாடியும் எதற்கு?
— வாசகர், முள்ளியவளை

பதில்: முதலாம் வகுப்பு (கிளாஸ் 1) யூ.வி லென்ஸ் யூ.வி.ஏ கதிரில் 90 சதவீதத்தையும் யூ.வி.பி கதிரில் 99 சதவீதத்தையும் தடுக்கும், உண்மைதான். ஆனால் அது மூடுவது கருவிழியை மட்டும். வெள்ளைவிழி வெளியே கிடக்கிறது. வெயிலில் வருடக்கணக்காக நிற்பவர்களுக்குச் சதை வளர்வது அங்கேதான் தொடங்கும். இமைத் தோலோ அரை மில்லிமீற்றர் அளவுதான், உடம்பிலேயே மெல்லியது. அதில் கிறீம் பூச வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம், ஆகவே இமையைக் காப்பது கண்ணாடிதான். 'யூ.வி 400' (யூ.வி கதிர் முழுவதையும் மறிக்கும் என்ற அடையாளம்) என்று போட்ட, பக்கவாட்டையும் மூடுகிற கண்ணாடி வாங்குங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி உச்சி நேரத்தில் வன்னியில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் மணலும் கதிரைத் திருப்பி எறியும், அதனால் தொப்பி மட்டும் போதாது. கச்சான் காற்றுக் காலத்தில் இதே கண்ணாடி கிரவல் தூசியையும் மறிக்கும், லென்ஸ் காய்வதையும் குறைக்கும்.

கேள்வி: கிறீம் லென்ஸில் பட்டுவிட்டால் கிணற்றுத் தண்ணீரால் கழுவலாமா?
— மாணவி, வவுனியா

பதில்: கூடவே கூடாது. கிணறு, குழாய், குளம், போத்தல் தண்ணீர் எதுவும் லென்ஸில் படக்கூடாது. தண்ணீரில் இருக்கும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸோடு ஒட்டிக் கருவிழியை அரித்துப் பார்வையையே எடுத்துவிடக்கூடும். லென்ஸோடு குளத்தில் குளிக்கவும் வேண்டாம். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, லென்ஸைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து, லென்ஸ் கரைசல் விட்டு இருபக்கமும் 20 விநாடி மெல்லத் தேய்த்து அலசுங்கள். பிறகும் மங்கினால் எறிந்துவிடுங்கள். தினமும் மாற்றும் லென்ஸ் என்றால் கழுவவே வேண்டாம், புதிதைப் போடுங்கள். பையில் சின்னக் கரைசல் போத்தலும் ஒரு மூக்குக்கண்ணாடியும் எப்போதும் இருக்கட்டும்.

லென்ஸைக் கழற்றிய பிறகும் நோவு, சிவப்பு, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், மங்கல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். லென்ஸையும் அதன் பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள், பரிசோதிக்க உதவும்.

கேள்வி: கண் கருவளையம் போக்க ஃபான்சி கடையில் வெள்ளையாக்கும் கிறீம் தருகிறார்கள். சன்ஸ்கிறீனோடு சேர்த்துப் பூசலாமா?
— வாசகி, மாங்குளம்

பதில்: வேண்டாம். சேர்மானம் எழுதாத வெள்ளையாக்கும் கிறீம்களில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம். கண்ணோரம் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம் கூடும், கண்புரையும் வரலாம். ஏற்கனவே சில மாதங்கள் பூசியிருந்தால், அந்த ரியூப்போடு போய்க் கண் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள்.