டர்பன் மீன் குளிர்கிடங்கு: அமோனியா அறைக்குப் பழைய ஃபேன் போதுமா?

குளிரூட்டும் அமோனியா ஓடும் கம்ப்ரசர் அறையில் எண்ணெய் வடிக்கும்போது மூக்கைத் துளைக்கிற நெடி, மேனேஜரோ "அமோனியா எரியாது, பழைய ஃபேனே போதும்" என்கிறார், இன்ஸ்பெக்டர் வேறு வரப்போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். எரியும். காற்றில் ஏறக்குறைய 15 முதல் 28 சதவீதம் கலந்தால் பற்றும். பற்றவைப்பது கடினம் என்பதால்தான் இந்தப் பேச்சு, ஆனால் மூடிய அறையில் பிடித்தால் வெடிப்புதான். அதற்கு வெகு முன்பே, காற்றில் 300 பிபிஎம்மிலேயே (பத்து லட்சத்தில் 300 பங்கு) உயிருக்கு ஆபத்து.

சரி, முதலில் எண்ணெய் வடிகுழாயைப் பாருங்கள். கையை எடுத்ததும் ஸ்பிரிங்கில் தானே மூடிக்கொள்ளும் வால்வு இருக்கிறதா? சாதாரண வால்வைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகும் ஆட்கள் எங்கும் உண்டு, வினையே அங்கேதான். கசிவைத் தேட, ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை இணைப்புகளில் காட்டுங்கள், நீலமாகும். கசிவு தேட எரித்துக் காட்டும் கந்தகக் குச்சி வேண்டாம், அது நெருப்பு. திரவம் தேங்கினால் அதன்மேல் தண்ணீர் அடிக்காதீர்கள், இன்னும் வேகமாக ஆவியாகும்.

ஃபேனுக்குப் பொறி வராத மோட்டார் வேண்டும், வாயு டிடெக்டர் அடித்ததும் தானே ஓட வேண்டும், அவசர சுவிட்ச் கதவுக்கு வெளியே.

அப்புறம் காகிதங்கள்: தென்னாப்பிரிக்காவின் 2009ஆம் ஆண்டு அழுத்தக் கருவி விதிகள், சான்ஸ் 10147 (குளிரூட்டும் அமைப்புகளுக்கான அந்நாட்டுத் தரநிலை) இரண்டையும் வைத்துச் சான்றுகளைச் சரிபாருங்கள். மொத்தம் எத்தனை கிலோ அமோனியா இருக்கிறது என்றும் கணக்கெடுங்கள்; பேரபாய நிறுவல் விதிகள் உங்களைத் தொடுமா என்பது அந்த அளவைப் பொறுத்தது.